பசிக்கும் ஒரு நேர அட்டவணை உண்டு

நேரம் பார்த்து விரதம் இருக்கிறேன் என்றதும், எவ்வளவு எடை குறைந்தது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். குறைந்தது, ஆனால் கேட்பவர் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. முதல் வருடத்தில் ஆறேழு கிலோ போனது, அதில் இரண்டு கிலோ பிறகு மெல்லத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் சற்றுச் சுருங்கும். "இதுக்கா இவ்வளவு நாள் வயித்தைக் காயப்போட்டே?" என்று சிலர் கேட்டும் விடுவார்கள். அவர்களுக்கு நின்ற இடத்தில் பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை, அதனால் இந்தக் கட்டுரை.

இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங், அதாவது இடைவெளி விட்டுச் சாப்பிடும் இந்த விரதம் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. ஒரு கட்சிக்கு அது சர்வரோக நிவாரணி. மற்றதற்கு அது சுத்த ஏமாற்று. எனக்கு இரண்டு பேரிடமும் சண்டை இருக்கிறது, ஆனாலும் விரதத்தை நான் விடவில்லை.

இதில் வகைகள் பல. வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல் உண்டு இரண்டு நாள் மிகக் குறைவாக உண்பது 5:2. ஒன்றுவிட்ட நாள் விரதம் ஒரு வகை. ஒரு நாளைக்கு ஒரே வேளை என்று வைராக்கியமாக இருப்பவர்களும் உண்டு. நான் பிடித்துக்கொண்டது எல்லோரும் பிடித்துக்கொள்ளும் 16:8. எட்டு மணி நேரத்துக்குள் அன்றைய சாப்பாட்டை முடித்துவிட்டு, மீதி 16 மணி நேரம் தண்ணீர், பாலும் சர்க்கரையும் சேர்க்காத காப்பி, அவ்வளவுதான்.

காரணம் சாதாரணமானது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நூறைத் தாண்டியிருந்தது. 126க்குக் கீழே இருப்பதால் சர்க்கரை நோய் இல்லை, நூறுக்கு மேலே இருப்பதால் நல்ல நிலையும் இல்லை, நடுவில் நின்று எச்சரிக்கிற எண். ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடும் தலைதூக்கியிருந்தது. எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே இந்த எண்கள் நகரத் தொடங்கும் என்றார் மருத்துவர். எப்படிக் குறைப்பது என்பதை என்னிடமே விட்டுவிட்டார். கலோரி கணக்கெழுதும் ஆப்பை அதற்கு முன்பே முயன்று பார்த்திருந்தேன். ஒவ்வொரு கவளத்துக்கும் கிராம் கணக்கு எழுத எனக்குப் பொறுமையும் இல்லை, நேர்மையும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவது மட்டும்தான் நமக்குச் சரிப்படும் என்று தோன்றியது.

முதல் வாரத்திலேயே எடை இயந்திரம் இரண்டு கிலோ குறைத்துக் காட்டியது. இந்த இரண்டு கிலோவை நம்பித்தான் பலர் மதம் மாறுகிறார்கள். அது பெரும்பாலும் தண்ணீர். உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜனாக மாற்றிக் கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். குறைவாகச் சாப்பிட்டுக் கையிருப்பு இறங்கும்போது அந்தத் தண்ணீரும் வெளியேறிவிடும். நன்றாகச் சாப்பிட்ட மறுநாளே எடை ஏறிக்கொள்வதும் இதே கணக்கில்தான். ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறையவேண்டும். ஒரு வாரத்தில் இரண்டு கிலோ கொழுப்பு என்றால் தினமும் 2,200 கலோரி குறைந்திருக்க வேண்டும். பலருக்கு நாள் முழுக்கச் செலவாவதே அவ்வளவுதான். ஆக, முதல் வாரத்துக் கொண்டாட்டத்தை நம்ப வேண்டாம், மூன்றாம் வாரத்துச் சோர்வையும் நம்ப வேண்டாம்.

தொடக்கத்தில் தலைவலி வந்தது. இன்சுலின் அளவு இறங்கும்போது சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிக உப்பையும் அதோடு தண்ணீரையும் வெளியேற்றும். தண்ணீரைக் கூட்டினேன், சரியாகிவிட்டது. தண்ணீரில் உப்புப் போட்டுக் குடிக்கச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

இனி பசி. எனக்கு இந்த அனுபவத்தின் உண்மையான லாபம் இதில்தான் இருந்தது.

நாற்பது வயதைத் தாண்டும்வரை பசியைப் பற்றி என் மனத்தில் ஒரே சித்திரம்தான் இருந்தது. வயிறு காலியாகும், பசி தொடங்கும், சாப்பிடாவிட்டால் அது ஏறிக்கொண்டே போய் மயக்கத்தில் முடியும். அதனால்தான் பசிக்கும் முன்பே சாப்பிட்டுவிடும் பழக்கம் எனக்கு. கூட்டம் நீளும் என்று தெரிந்தால் முன்கூட்டியே எதையாவது வாயில் போட்டுக்கொள்வேன். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்றல்லவா வளர்த்திருக்கிறார்கள்.

முதல் சில நாட்கள் காலை எட்டரை மணிக்கு, வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில், பசி சொல்லிவைத்தாற்போல் வந்தது. வயிறு சத்தம் போட்டது, எரிச்சல் வந்தது, வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு உச்சத்தில் இருந்தது. பத்து மணிக்குப் பார்த்தால் பசியே பறந்துவிட்டது. ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை, ஆனாலும் போய்விட்டது. மறுபடி ஒரு மணிக்குத்தான் வந்தது.

இதற்கு விளக்கம் இருக்கிறது. இரைப்பையில் சுரந்து மூளைக்குப் பசியைச் சொல்லும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999இல் கண்டுபிடித்தார்கள். அதன்பின் நடந்த ஒரு ஆய்வில் சிலரை 33 மணி நேரம் பட்டினி வைத்து, விட்டுவிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரெலின் நேராக ஏறிக்கொண்டே போகவில்லை. வழக்கமாகச் சாப்பிடும் வேளைகளை ஒட்டி ஏறியது, சாப்பாடு வராமலே தானாக இறங்கியது. அதாவது பசியில் ஒரு பங்கு காலி வயிற்றால் வருவது, இன்னொரு பங்கு பழக்கத்தால் வருவது. பழக்கத்தை மாற்றினால் சில வாரங்களில் பசியும் புதிய நேரத்துக்கு நகர்ந்துகொள்கிறது. எட்டரை மணிப் பசி எனக்கு இப்போது வருவதே இல்லை.

இது தெரிந்தபின் இன்னொன்றும் தெரிய வந்தது. நான் பசி என்று நினைத்துக்கொண்டிருந்தவற்றில் பாதிக்கும் மேல் பசி இல்லை. மாலை நாலு மணிக்கு வருவது அலுப்பு. வேலையில் முடிச்சு ஒன்று அவிழாதபோது நாற்காலியைவிட்டு எழ ஒரு சாக்கு வேண்டும், அதற்குக் கை தேடுவது தின்பண்டம். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் வருவது கண்பசி. உண்மைப் பசிக்கு எது கிடைத்தாலும் சம்மதம். மற்றதெல்லாம் பொறுக்கி எடுக்கும். இப்போதும் சந்தேகம் வந்தால் ஒரு தட்டு வெறும் வேகவைத்த காய்கறியை மனத்தில் நினைத்துப் பார்க்கிறேன். அதைச் சாப்பிடச் சம்மதம் என்றால் பசி. இல்லையென்றால் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வருவது போதும்.

ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். மெலிந்ததோடு அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள், மற்றவற்றில் ஆர்வம் போயிற்று, மனச்சோர்வு வந்தது. 16 மணி நேர இடைவெளியும் ஆறு மாத அரைப்பட்டினியும் ஒன்றல்ல. ஆனால் விரதம் இருக்கும் ஒருவர் நாளெல்லாம் அடுத்த வேளையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தால், அது மன உறுதியின் அடையாளமில்லை, போதவில்லை என்று உடல் சொல்வது. சாப்பாட்டோடு ஏற்கெனவே சிக்கலான உறவு இருந்தவர்கள், வாந்தியெடுத்தோ பட்டினி கிடந்தோ எடையைக் கட்டுப்படுத்திய அனுபவம் உள்ளவர்கள், இந்தப் பக்கமே வரவேண்டாம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். எடையைக் குறைத்தது காலையில் சாப்பிடாதது என்றுதான் நானும் கொஞ்ச நாள் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் இல்லை. என் பிரச்சினை காலை வேளை இல்லவே இல்லை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வரும் இரண்டு மணி நேரம். சாப்பிட்டு முடித்து, கையில் ஃபோனோடு சாய்ந்து, நடுவில் ஒரு முறை எழுந்து எதையாவது எடுத்துவந்து, அப்புறம் இன்னொரு முறை. பசி துளியும் கிடையாது. அதை நிறுத்த "கொஞ்சமா சாப்பிடு" என்ற விதி எனக்கு ஒருநாளும் வேலை செய்ததில்லை. கொஞ்சம் என்பதற்கு எல்லை யார் போடுவது? தினமும் ராத்திரி எனக்கும் எனக்கும் பேரம் நடக்கும், தினமும் ஒரே ஆள்தான் ஜெயிப்பார். "எட்டு மணிக்கு மேல் இல்லை" என்றதும் பேரம் முடிந்தது. பேச இடமே இல்லை. வேறு எதுவும் செய்யாத மாற்றத்தை இந்த ஒரு கறார் செய்தது.

ஆராய்ச்சிகளைப் படித்தபோது இந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. 2012இல் எலிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று இந்தத் துறையையே சூடாக்கியது. கொழுப்பு மிகுந்த ஒரே உணவை, ஏறக்குறைய ஒரே கலோரி அளவில் தின்ற எலிகளில், எட்டு மணி நேரத்துக்குள் தின்றவை மற்றவைபோல் கொழுக்கவில்லை. நேரமே மருந்து என்று எல்லோரும் துள்ளினார்கள். மனிதரிடம் வந்தபோது அந்தத் துள்ளல் அடங்கியது. 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 116 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவு நண்பகல் முதல் இரவு எட்டு வரை மட்டும் சாப்பிட்டது, மற்றது மூன்று வேளையும் சாப்பிட்டது. 12 வாரம் கழித்து முதல் பிரிவினர் சராசரியாக 0.94 கிலோவும் மற்றவர்கள் 0.68 கிலோவும் குறைந்திருந்தார்கள். இந்த வித்தியாசத்தை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. அதைவிட உறுத்தியது, விரதப் பிரிவில் போன எடையில் தசைக்கும் கணிசமான பங்கு இருந்ததாகத் தெரிந்தது. அந்த ஆய்வை நடத்தியவர்களில் மூத்தவரான ஈதன் வைஸ் பல ஆண்டுகளாகத் தானே விரதம் இருந்தவர். முடிவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

2022இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வும் அதே பக்கம்தான் கை காட்டியது. இரு பிரிவினரும் கலோரியைக் குறைத்தார்கள், ஒரு பிரிவு மட்டும் அதைக் காலை எட்டு முதல் மாலை நாலுக்குள் உண்டது. குறைந்தது 8 கிலோவும் 6.3 கிலோவும். புள்ளியியல் கணக்கில் இதுவும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. கடிகாரம் கொழுப்பை எரிப்பதில்லை. கடிகாரத்தால் நாம் குறைவாகத் தின்றால் குறையும், இல்லாவிட்டால் இல்லை.

அதற்காக விரதம் வீண் என்று ஆகிவிடாது என்பதுதான் என் கட்சி. கலோரியைக் குறைக்க ஆளாளுக்கு ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு அது கணக்கு நோட்டு, இன்னொருவருக்கு சிறிய தட்டு, எனக்குப் பூட்டிய சமையலறை. மருந்து என்று சொல்லி விற்காத வரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

விற்பவர்கள் கையில் எடுக்கும் இன்னொரு ஆயுதம் ஆட்டோஃபேஜி. செல்கள் தம்முடைய கழிவையும் பழுதையும் தாமே செரித்துப் புதுப்பித்துக்கொள்வது. யோஷினோரி ஓசுமி இதற்காக 2016இல் மருத்துவ நோபல் பரிசு வாங்கினார், உண்மைதான். அவருடைய அடிப்படை வேலை ஈஸ்ட் செல்களில் நடந்தது. 12ஆம் மணியில் இது, 16ஆம் மணியில் அது, 24ஆம் மணியில் மறுபிறவி என்று வண்ண வண்ணமாக வரும் அட்டவணைகளுக்கும் அந்தப் பரிசுக்கும் சம்பந்தமில்லை. நம் உடலில் ஆட்டோஃபேஜி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று சொல்லும் வழக்கமான ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது.

அதேபோல் மறுபக்கப் பயமுறுத்தலும் உண்டு. 2024 மார்ச்சில் அமெரிக்க இதய சங்கத்தின் மாநாட்டில் ஒரு ஆய்வுச் சுருக்கம் வந்தது. எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுபவர்களுக்கு இதயநோயால் இறக்கும் அபாயம் 91 சதவீதம் அதிகம் என்று செய்தி ஓடியது. அம்மா அதை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஃபோனும் செய்தார். "பார்த்தியாடா? நான் சொன்னா கேட்டியா?" விளக்கிச் சொல்ல முயன்றேன். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், ஏதோ இரண்டு நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிய பதிலை வைத்துப் போட்ட கணக்கு அது. நோயால், வேலைச் சுமையால், தனிமையால் ஒழுங்காகச் சாப்பிட முடியாமல் போனவர்களும் அந்த எட்டு மணி நேரக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். தொடர்பு இருக்கிறது என்பதால் காரணம் அதுதான் என்று ஆகாது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, இப்ப சாப்பிட்டியா இல்லையா?" என்றார்.

நேரம் முற்றிலும் பொருட்டே இல்லையா என்றால், அதுவும் இல்லை. 2018இல் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற எட்டு ஆண்களிடம் ஐந்து வாரம் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. தினமும் ஆறு மணி நேரத்துக்குள், பிற்பகல் மூன்றுக்கு முன் எல்லாச் சாப்பாடும் முடிந்துவிட வேண்டும். எடை குறையாதபடி உணவு கொடுத்தார்கள். அப்படியும் அவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது, ரத்த அழுத்தம் இறங்கியது. எட்டே பேர்தான், இருந்தாலும் பகலில் உணவைச் செரிக்கும் உடல் இரவில் அதே சுறுசுறுப்போடு இருப்பதில்லை என்ற மற்ற அறிதல்களோடு இது பொருந்திப் போகிறது.

படித்ததும் என் ஜன்னலையும், அதாவது சாப்பிடும் நேரத்தையும், முன்னால் தள்ளிப் பார்த்தேன். காலையில் நன்றாகச் சாப்பிட்டு, மாலை ஐந்துக்கெல்லாம் முடித்துவிடுவது. உடம்புக்கு அவ்வளவு இதமாக இருந்தது. நெஞ்செரிச்சல் போய்விட்டது, தூக்கம் ஆழமானது. வீட்டுக்குத்தான் ஒத்துவரவில்லை. எல்லோரும் சேர்ந்து உட்காருவது இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். நான் ஒரு டம்ளர் தண்ணீரோடு எதிரில் உட்கார்ந்திருந்தேன். "நீங்க இப்படி உட்கார்ந்திருக்கிறது பரீட்சை ஹாலில் வாத்தியார் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு. ஒண்ணு சாப்பிடுங்க, இல்ல உள்ளே போங்க" என்றாள் மனைவி. ஆய்வுக் கட்டுரைகளில் இந்தப் பக்கவிளைவை யாரும் பதிவு செய்வதில்லை. உடம்புக்கு உகந்த நேரம் ஒன்றாகவும் மனிதர்களோடு வாழ உகந்த நேரம் வேறாகவும் இருப்பதுதான் இந்த முறையின் உண்மையான சிக்கல். காலை வேளையை விடுவது எளிது, ஏனென்றால் அதை யாரும் கவனிப்பதில்லை. அதனால்தான் பெரும்பாலோர் அதை விடுகிறார்கள்.

இழுபறிக்குப் பின் நான் நின்ற இடம்: காலை பத்து மணி வாக்கில் முதல் சாப்பாடு, இரவு ஏழரைக்குள் எல்லோரோடும் கடைசிச் சாப்பாடு. 14 மணி நேரத்துக்குச் சற்று மேல். 16:8 காரர்கள் இதை விரதம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். விருந்து, பயணம், விடுமுறை என்றால் அதுவும் கிடையாது. மணி எண்ணும் ஆப்பையும் அழித்துவிட்டேன். தலை கிறுகிறுக்கும்போதுகூட வட்டம் பச்சையாக இன்னும் பத்து நிமிடம் பொறுப்போம் என்று உட்காரவைக்கும் ஒரு சாதனத்தால் ஆரோக்கியம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தசை விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜன்னல் சுருங்கினால் முதலில் அடிபடுவது புரதம், ஏனென்றால் பசியோடு உட்காரும்போது கை மாவுச்சத்துக்கும் இனிப்புக்கும்தான் போகும். அதனால் விரதத்தை முடிக்கும் முதல் வாய் புரதமும் காய்கறியுமாக இருக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இனிப்போடு முடித்த நாட்களில் அடுத்த இரண்டு மணி நேரமும் தின்றுகொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் சில நாள் எடை தூக்கும் பயிற்சியும் சேர்ந்தது. இயந்திரம் காட்டும் எண் அசையாமல் நின்ற மாதங்களில் இடுப்புச் சுற்றளவு மட்டும் இறங்கியதற்கு அதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

அடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நூறுக்குக் கீழே வந்திருந்தது. ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்கியிருந்தது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் அசையக்கூட இல்லை. விரதத்தாலா, எடை குறைந்ததாலா, ராத்திரி நொறுக்குத்தீனி நின்றதாலா என்று மருத்துவரைக் கேட்டேன். "பிரிச்சுச் சொல்ல முடியாது. எதனாலன்னாலும் விடாம பண்ணுங்க, எல்டிஎல்லுக்கு வேற வழி பார்க்கலாம்" என்றார்.

என்னைப் பார்த்து ஒரு நண்பர் தானும் தொடங்குவதாகச் சொன்னபோது மட்டும் தடுத்தேன். அவர் சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை அது. மாத்திரையைப் போட்டுவிட்டு விரதம் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே கதைதான். மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் மாற்றித் தராமல் ஒரு வேளையைக்கூட விடக்கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள் யாருக்கும் இது வேண்டாம்.

போன மாதம் அக்கா மகன் ஃபோன் செய்தான். முடிவு செய்துவிட்டுத்தான் பேசுகிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. "மாமா, நாளையிலேர்ந்து காலைச் சாப்பாட்டை விட்டுடறேன். அப்புறம் இருபது மணி நேரத்துக்குக் கொண்டுபோறேன். காப்பி குடிக்கலாம்ல?"

"காலைச் சாப்பாட்டை நீ ஒண்ணும் பண்ணாதே. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் தூங்கறவரைக்கும் எதையும் தொடாம இரு. முதல்ல அது முடியுதா பாரு."

"அது மட்டுமா? அதுல என்ன மாமா கஷ்டம்?"

ரெண்டு வாரம் கழித்துப் பேசச் சொன்னேன். இன்னும் பேசவில்லை.